காப்பார் ஆற்றின் பெயரால்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் காப்பார் ஆற்றின் கரையில் வாழ்வோரும், இந்த நிலத்துக்கு வடிகால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒன்றுகூடி இவ்வியக்கத்தைத் தோற்றுவிக்கிறோம். எங்கள் ஆறு சிறியது. அதன்பால் எங்கள் கடமை பெரியது. எங்கள் எண்ணிக்கை குறைவு. எங்கள் காலம் பிறந்துவிட்டது.

கிழக்கே மேரு, புக்கிட் காப்பார் பக்கத்து மேட்டு நிலத்தில் விழும் மழை செம்பனைகளின் ஊடாக இறங்குகிறது. தொழிற்பேட்டைகளின் பின்மதிலை உரசிக்கொண்டு வருகிறது. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையின் அடியில் புகுந்து, கண்டல் காட்டைத் தொட்டு, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. வரைபடம் இந்த ஆற்றை சுங்கை காப்பார் பெசார், சுங்கை காப்பார் கெச்சில் என இரண்டாகக் குறிக்கும். பெரியது என்று பெயர் பெற்றதும் சிறியதுதான். சாலையில் போகிறவர் பாலத்தைக் கவனிக்கும் முன்பே பாலம் முடிந்துவிடும்.

தலைநகரைத் தாங்கும் கிள்ளான் ஆறு 120 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அதற்குப் பெருந்திட்டம் உண்டு, பெருநிதி உண்டு, 2011 முதல் 'ரிவர் ஆஃப் லைஃப்' என்ற விளம்பரப் பலகையும் உண்டு. அதற்காக நாங்கள் பொறாமைப்படவில்லை. பேராறுகளின் மீட்சி அரசுகளின் பெருமிதம். சிற்றாறுகளின் மீட்சி ஊராரின் உறுதி. காப்பார் ஆற்றைக் காக்க எவரும் கோலாலம்பூரிலிருந்து வரப்போவதில்லை என்ற தெளிவிலிருந்தே இவ்வியக்கம் தொடங்குகிறது. அந்தத் தெளிவு எங்களுக்குச் சோர்வைத் தரவில்லை, விடுதலையைத் தந்தது.

சிற்றாறு சிறிய விஷயம் என்ற நினைப்பை 2019 மார்ச் மாதம் முடித்து வைத்தது. ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் என்ற ஆறு ஓடுகிறது. அதுவரை அம்மாநிலத்துக்கு வெளியே அதன் பெயரை அறிந்தவர் சிலரே. அதில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நச்சுக்காற்று ஆயிரக்கணக்கானோரை மருத்துவ உதவி நாடச் செய்தது. 111 பள்ளிகளின் கதவை மூடியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றுப் படுகையில் கலந்த கழிவு நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு லட்சம் இணைப்புகளின் குழாய் வறண்டது; தண்ணீர் லோரியின் பின்னால் நாமெல்லாரும் வாளியோடு நின்றோம். ஆற்றின் அளவைக் கொண்டு அதன் ஆற்றலை அளந்த காலம் அத்தோடு முடிந்தது.

இந்த ஆற்றின் வரலாறு, வடிகாலின் வரலாறு. காப்பார்க் கரையோரம் இன்று காணும் வடிவில் இயற்கை படைத்ததன்று. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று முன்புவரை இது மருதமும் அன்று, நெய்தலும் அன்று. கடல் ஏறும்போது கடலாகவும், மழை பெய்யும்போது காடாகவும் கிடந்த சதுப்பு. காப்பி பயிரிட வந்தவர்கள் 1890களின் விலைச் சரிவில் கை நொந்து ரப்பருக்கு மாறினார்கள். ரப்பருக்கு வேர் நனையாத மண் வேண்டும். மண் காய வடிகால் வேண்டும். வடிகால் வெட்டக் கைகள் வேண்டும். அந்தக் கைகளில் தமிழ்க் கைகள் இருந்தன. ஜாவாக்காரர், பஞ்சார்க்காரர், சீனர் கைகளும் இருந்தன. கப்பலில் வந்து, 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கி, தடுப்பு முகாமில் நாள் கழித்து, வட ஆற்காட்டுக்காரரும் திருச்சிக்காரரும் தஞ்சைக்காரரும் சேலத்துக்காரரும் இடுப்பளவு சேற்றில் நின்று இந்த நிலத்தைக் கோடு கோடாகக் கிழித்தார்கள்.

அதே 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்தார் மால்கம் வாட்சன். கடலோரச் சமநிலத்தில் மலேரியாவைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகுவதைக் கண்டார். காட்டை அழித்து நீரை வடித்தால் அந்தக் கொசு மறைந்தது. தோட்டத்து மரணமும் குறைந்தது. மலைப்பாங்கான நிலத்தில் அதே வைத்தியம் வேறொரு கொசுவுக்கு வாழ்வளித்தது வேறு கதை. வடிகால் உயிர் காத்தது என்ற உண்மையை நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் பாட்டிமார் பிழைத்தது அந்த வடிகாலால். ஆனால் உயிர் காக்க வெட்டிய வாய்க்கால் கழிவு கடத்தும் குழாயாகச் சீரழிந்ததை ஊழ்வினை என்று ஏற்கும் பொறுமை எங்களிடம் இல்லை.

ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் 1910இல் தீர்ப்பான வரி வழக்கொன்று உண்டு. வழக்காடிய நிறுவனம் காப்பார் வட்டாரத்து வலம்புரோசா தோட்டத்தின் உடைமையாளர். தோட்டத்தின் ஏழில் ஒரு பங்கு மரமே அப்போது பால் தந்தது. பால் தராத ஆறு பங்கில் களை எடுத்த செலவையும் வரிக் கணக்கில் கழிக்கலாமா என்பது வழக்கு. கழிக்கலாம் என்றது நீதிமன்றம். கணக்கியல் மாணவர்கள் உலகமெங்கும் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். களை எடுத்த செலவு சட்டநூலில் நிலைத்தது. களை எடுத்தவளின் பெயர் எங்கும் நிலைக்கவில்லை. செலவாக மட்டுமே பதிவான மக்களின் வழித்தோன்றல்கள், இனி உரிமையாகப் பதிவாகிறோம்.

அந்த மக்கள் பதிவுக்குக் காத்திருந்ததும் இல்லை. 1941இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்கள் வேலையை நிறுத்தின. ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்னின்றார்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டார்கள், பிள்ளைகளுக்கு முறையான பள்ளி கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரை எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். மே மாதத்தில் படை வந்தது, துப்பாக்கி பேசியது, தொழிலாளர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். கூலிக்கான போராட்டம் என்று அதைச் சுருக்கிச் சொல்வோர் சைக்கிளை மறந்துவிடுகிறார்கள். நிமிர்ந்து செல்லும் உரிமையே அந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு. சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்களின் மரபில் நாங்கள் வந்தோம். மூக்கைப் பொத்திக்கொண்டு பாலம் கடக்க மறுக்கிறோம்.

இனி இந்த ஆறு எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்வோம். இதை அறியாத அன்பு ஆற்றுக்குப் பயன்படாது.

காப்பார்க் கரையோரம் கடலை வென்ற நிலமன்று, கடலோடு உடன்படிக்கை செய்துகொண்ட நிலம். கிள்ளான் துறைமுகத்து ஓத அட்டவணையில் பெருவோத நாள்களில் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டும். அந்த நேரத்தில் கரைக்கு இப்பால் உள்ள தாழ்ந்த வீடுகளைவிடக் கடல் உயரத்தில் நிற்கிறது. இடையில் நிற்பவை இரண்டு: மண்ணால் எழுப்பிய கடற்கரை அணை, ஆறுகளின் முகத்தில் வைத்த ஓதமதகு. கடல் வற்றும்போது மதகு திறந்து ஆற்றுநீர் வெளியேறுகிறது. கடல் ஏறும்போது மதகு மூடி உப்புநீரைத் தடுக்கிறது. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இந்தக் கதவின் ஒழுங்கில்தான் காப்பாரின் வாழ்வு நடக்கிறது.

கதவு மூடியிருக்கும் சில மணி நேரத்தில் மேற்கே கடல், கிழக்கே மழை. நடுவில் ஆறு போக வழியின்றிக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க அதற்கு இடம் வேண்டும். அந்த இடம் முன்பு இருந்தது. காடு இருந்தது, சதுப்பு இருந்தது. பிறகு ரப்பர் வரிசைகளுக்கிடையே அகன்ற வாய்க்கால்களாவது இருந்தன. இன்று அங்கே சிமெண்டு இருக்கிறது. சிமெண்டில் விழுந்த மழை நிமிடங்களில் ஆற்றுக்கு வந்துவிடுகிறது. ஆறோ மணிக்கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் நிற்கிறது. வெள்ளம் என்று நாம் அழைப்பது இந்தக் கணக்கின் மீதியை. 2021 டிசம்பர் 18 அன்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுதும் அந்த மீதியைக் கழுத்தளவில் கண்டது. மேரு, காப்பார் வட்டாரங்களும் தப்பவில்லை. பெருமழை குற்றவாளியன்று. பெருமழைக்கு இடம் வைக்காத திட்டமிடலே குற்றம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்; இதைக் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை. உள்நிலத்தில் மக்கிய மரமும் இலையும் கொண்ட சதுப்பு மண் கிடக்கிறது. நீர் வடிந்ததும் அந்த மண் காற்றுப் பட்டுச் சிதைந்து, ஆண்டுதோறும் தாழ்கிறது. தாழ்ந்த நிலத்துக்கு ஆழ்ந்த வடிகால் வெட்டுகிறார்கள். ஆழ்ந்த வடிகாலால் நிலம் மேலும் தாழ்கிறது. கடலோ உயர்கிறது. நிலம் இறங்க, கடல் ஏற, மதகு திறந்திருக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கோலோச்சி நின்ற தோட்டத்துரை காலத்து விடை, நம் பிள்ளைகள் காலத்து வினாவுக்குப் போதாது.

ஆகவே எங்கள் முதற்கொள்கை: நீருக்கு இடம். கரையை உயர்த்து, மதிலை எழுப்பு, ஆற்றைச் சிமெண்டுத் தொட்டியில் அடை என்ற முழக்கத்தை நாங்கள் மறுக்கிறோம். ஆறு தங்கக் குளம் வேண்டும், ஆறு பரவத் திடல் வேண்டும், கடலை மென்மையாக்கக் கண்டல் வேண்டும். நீர்ப்பாசன வடிகால் துறையின் வழிகாட்டுதலே ஆற்றுக்கு ஒதுக்கு நிலம் வகுத்திருக்கிறது. 5 மீட்டருக்குக் குறைந்த ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர். ஆறு அகல அகல அது 50 மீட்டர் வரை விரியும். தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி அந்நிலத்தை அரசிதழில் அறிவித்துக் காக்கலாம். நாங்கள் புதுச் சட்டம் கேட்டு வரவில்லை, பழைய சட்டத்தின் நிறைவேற்றத்தைக் கேட்டு வருகிறோம்.

நியூசிலாந்து 2017இல் வாங்கானுயி ஆற்றைச் சட்டத்தின் முன் ஓர் ஆளாக ஏற்றது. அதே ஆண்டு உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அந்தத் தகுதியை வழங்கியது. சில மாதங்களில் இந்திய உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. முதலாவதற்குப் பின்னால் தலைமுறைகள் போராடிய ஆற்றின் மக்கள் இருந்தார்கள். இரண்டாவது தீர்ப்போடு நின்றது. ஆற்றுக்கு ஆளுமை வழங்கும் இலட்சியத்தை நாங்கள் வணங்குகிறோம், ஆனால் வரிசையை மாற்றுகிறோம். முதலில் கரையில் எல்லைக்கல், பிறகு ஆளுமை.

எங்கள் இரண்டாம் கொள்கை: அறிவு பொதுவாதல். மலேசியச் சுற்றுச்சூழல் துறை ஓர் ஆற்றின் தரத்தை ஆறு அளவுகளால் மதிப்பிடுகிறது. நீரில் கரைந்த உயிர்வளி, நுண்ணுயிர்கள் உறிஞ்சும் உயிர்வளி, இரசாயனம் உறிஞ்சும் உயிர்வளி, அம்மோனிய நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமிலக் காரத் தன்மை. இவற்றைக் கூட்டி ஆற்றை ஐந்து வகுப்புகளில் ஒன்றில் அமர்த்துகிறது. இந்தக் கணக்கு நிபுணர்களின் தனிச்சொத்தாகக் கிடந்த காலம் போதும். ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொள்ளக்கூடிய கணக்கு இது. காப்பார் மெதடிஸ்ட் தமிழ்ப்பள்ளியும் வலம்புரோசா தமிழ்ப்பள்ளியும் ஜாலான் ஆக்கோப் தமிழ்ப்பள்ளியும், அவற்றின் பக்கத்து மலாய், சீனப் பள்ளிகளும் தம் ஆற்றின் வகுப்பு எது என்று அறிந்திருக்க வேண்டும். மாணவனுக்கு ஆண்டுதோறும் தேர்ச்சி அட்டை உண்டு. ஆற்றுக்கும் உண்டு. இரண்டும் பெற்றோர் கைக்கு வர வேண்டும்.

ஆற்றைத் தூய்மையாக்கவே முடியாது என்பவர்களுக்கு இந்த நாடே பதில் சொல்லியிருக்கிறது. செம்பனை ஆலைக் கழிவுநீர் 1970களில் மலேசிய ஆறுகளின் முதல் எமன். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது; ஆலைகளுக்கான விதிகள் 1977இல் வந்தன. ஆலை வெளியேற்றும் நீரில் நுண்ணுயிர்கள் உறிஞ்சும் உயிர்வளியின் அளவு லிட்டருக்கு 5,000 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது என்று 1978இல் தொடங்கினார்கள். ஆண்டுக்காண்டு இறக்கி, 1984க்குள் 100க்குக் கொண்டுவந்தார்கள். தொழில் அழியும் என்ற ஓலம் அன்றும் எழுந்தது. தொழில் அழியவில்லை, வளர்ந்தது. செம்பனைத் தொழில் செய்ததைத் தளவாடத் தொழிலும் நெகிழித் தொழிலும் உலோகப் பூச்சுத் தொழிலும் செய்யும். செய்ய வைப்போம்.

கடலுக்கு அப்பாலும் எங்களுக்குச் சான்று உண்டு. எங்கள் முன்னோர் பலர் விட்டு வந்த வட ஆற்காட்டில் பாலாறு தோல் பதனிடும் ஆலைகளின் கழிவில் தன் ஊற்றுகளை இழந்தது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு நிகழும் முன்பே தடுக்க வேண்டும், இவை நாட்டின் சட்டம். அந்த வழக்கு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளமானது. பாலாறு இன்னும் முழுதாக மீளவில்லை என்பதையும் நாங்கள் அறிவோம். தீர்ப்பு ஆற்றின் பிறப்பன்று, ஆற்றின் சான்றிதழ். பிறப்பை ஊரார்தான் நிகழ்த்த வேண்டும்.

அரசியலில் எங்கள் நிலையையும் சொல்வோம். 2013 பொதுத்தேர்தலில் காப்பார் நாடாளுமன்றத் தொகுதியில் ஒரு லட்சத்து 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். வாக்காளர் எண்ணிக்கையில் அன்று நாட்டிலேயே மிகப் பெரிய தொகுதி அது. புத்ராஜெயாவில் அன்று 16 ஆயிரம் பேர்கூட இல்லை. இவ்வளவு பெரிய எண்ணுக்குள் இவ்வளவு சிறிய ஆறு காணாமல் போனதில் வியப்பில்லை. எந்தக் கட்சியின் கொடியும் எங்கள் கொடியன்று. எந்தக் கட்சிக்காரரும் எங்களுக்கு அந்நியரல்லர்.

நாங்கள் மறுப்பவற்றையும் அறிவிக்கிறோம்.

நிழற்படத்துக்காக நடக்கும் துப்புரவை மறுக்கிறோம். காலையில் பனியன் அணிந்து பத்துப் பை குப்பை அள்ளி, மதியம் நாசி லெமாக் பொட்டலத்தை அங்கேயே விட்டுப் போகும் விழாக்கள் ஆற்றுக்கு ஆற்றிய தொண்டு போதும். பொறுப்பு சிதறிய நிர்வாகத்தை மறுக்கிறோம். மதகு ஒரு துறைக்கு, கழிவு ஒரு துறைக்கு, நீர்வளம் மாநில வாரியத்துக்கு, குப்பை மாநகர் மன்றத்துக்கு; ஆறு யாருக்கும் இல்லை. 2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகர் என்ற தகுதி பெற்றது. மாநகரின் தகுதி அதன் பின்வாசலில் தெரியும். காப்பார் அந்தப் பின்வாசலில் இருக்கிறது.

இனத்தின் பெயரால் ஆற்றைப் பங்கு போடுவதை மறுக்கிறோம். இந்தப் பிரகடனம் தமிழில் எழுதப்படுகிறது. ஆறு எந்த மொழியிலும் எழுதப்படவில்லை. மேருவின் ஜாவாக் குடும்பங்களும், கழிமுகத்து மலாய், சீன மீனவர்களும், தொழிற்பேட்டையில் உழைக்கும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் எங்கள் தோழர்கள். தொழிலாளர் விடுதிதான் பல இடங்களில் ஆற்றுக்கு மிக அருகில் இருக்கிறது. வெள்ளம் முதலில் அவர்கள் வாசலுக்குத்தான் வரும். ஒரு நூற்றாண்டுக்கு முன் தோட்டத்து லயத்தில் நம்மவர் இருந்த நிலை அது.

நம்மவரிடமும் மறுக்க வேண்டியது உண்டு. தைப்பூசத்துக்குப் பத்துமலை ஆற்றங்கரையில் நீராடிக் காவடி தூக்கும் சமூகம், தன் ஊர் ஆற்றில் உடைந்த சாமி படத்தையும் வாடிய மாலையையும் நெகிழிப் பையோடு சேர்த்து வீசுகிறது. மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலிக்க ஆற்றங்கரைக்குப் போன தோட்டத்து வழக்கம், குழாயடிக்குச் சுருங்கிவிட்டது. ஆற்றுநீர் அம்மனுக்கு ஆகாது என்று பூசாரி சொன்னால் அவர் சொல்வது சரி. பக்தியின் பெயரால் நீரை அழுக்காக்கும் உரிமையை நாங்கள் எவருக்கும் வழங்கவில்லை. கோயில் நிர்வாகங்களோடு எங்கள் முதல் உரையாடல் இதைப் பற்றியதாகவே இருக்கும். கசப்பாகவும் இருக்கும். மீன் தொட்டி துடைக்க வாங்கி, வளர்ந்தபின் ஆற்றில் விடப்படும் அயல்நாட்டு மீன்களைப் பற்றியும் பேசுவோம். விராலும் கெளுத்தியும் வாழ வேண்டிய நீரில் அவை ஆட்சி செய்கின்றன.

ஆறு முடியும் இடத்தில் எங்கள் நம்பிக்கைக்கு ஒரு சான்று நிற்கிறது. காப்பார்க் கடற்கரையில் 2,420 மெகாவாட் திறனோடு ஒரு மின்நிலையம் எழுந்தது. நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் மூன்றும் எரிக்கும் ஆற்றலோடு அது கட்டப்பட்டது. அதன் சாம்பல் குளங்களில் வடதுருவத்துப் பக்கமிருந்து வரும் கரைப்பறவைகள் கடலேற்ற நேரத்தில் ஆயிரக்கணக்கில் வந்து ஒதுங்கும் காட்சியைப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்கள். வற்றத்தில் சேற்றுவெளியில் இரை தேடும் பறவைக்கு, ஏற்றத்தில் நிற்க ஓர் இடம் வேண்டும். கண்டல் அழிந்த கரையில் அதற்குக் கிடைத்தது சாம்பல் குளம். அருகிய நார்ட்மன் பச்சைக்காலியும் இந்தக் கரைக்கு வரும் விருந்தாளி. வட மத்திய சிலாங்கூர்க் கடற்கரை பறவைகளுக்கு முக்கியமான இடமென்று உலக அளவில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சேற்றுவெளிக்கு வண்டல் கொண்டுவரும் பணியில் இந்தச் சிற்றாறுகளுக்கும் பங்குண்டு. சாம்பலையே தங்குமிடமாக ஏற்ற உயிர், ஓர் ஆறு நலம் பெற்றால் எவ்வளவு விரைவாகத் திரும்பும்! எங்களுக்கு இயற்கையின் மன்னிப்பில் ஐயமில்லை. மனிதர்களின் காலதாமதத்தில்தான் ஐயம்.

தோட்டங்கள் போய்விட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் குடியிருப்பும் கிடங்கும் வந்தன. லயத்திலிருந்து புறப்பட்டவர்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கோயிலைத் தூக்கிக்கொண்டு போனோம், பள்ளியைப் போராடித் தூக்கிக்கொண்டு போனோம். ஆற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அதனால் அது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வடிகாலின் எந்த வளைவில் எவர் விழுந்தார், எந்த மதகடியில் மீன் கிடைத்தது, எந்த ஆண்டு வெள்ளம் லயத்துப் படியைத் தொட்டது என்பதையெல்லாம் அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் நினைவு எங்களுக்கு ஏக்கப் பொருளன்று, நில அளவைச் சான்று. அதை ஒலிப்பதிவு செய்து, இடம் குறித்து, வரைபடத்தில் ஏற்றுவது இவ்வியக்கத்தின் முதல் வேலை.

அடுத்தது அளப்பது. மேட்டு நிலத்திலிருந்து கழிமுகம்வரை ஆற்றை நடந்து, அதில் வந்து சேரும் ஒவ்வொரு குழாய்க்கும் வாய்க்காலுக்கும் எண் கொடுப்போம். எண் உள்ள குழாய்க்கு உரிமையாளர் உண்டு. உரிமையாளர் உள்ள கழிவுக்கு விலாசம் உண்டு. திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024 முதல் ஒரு கோடி ரிங்கிட் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. அச்சட்டத்துக்குத் தேவையான சாட்சியை நாங்கள் தயாரிப்போம்.

கிள்ளான் அரச மாநகர் மன்றத்திடமும், நீர்ப்பாசன வடிகால் துறையிடமும், சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியத்திடமும் இவ்வியக்கம் முன்வைக்கும் முதல் கோரிக்கைகள் மூன்று. ஓதமதகு எந்த நேரம் திறக்கும், எந்த நேரம் மூடும், எப்போது பழுதுபட்டது என்பதை மதகின் அருகிலேயே பலகையில் எழுதுக. ஆற்று நீரின் தர அளவைப் பள்ளி வாசல்களில் ஒட்டுக. காப்பார் ஆற்றின் இரு கரையிலும் ஒதுக்கு நிலத்தை அளந்து, கல் நட்டு, அரசிதழில் வெளியிடுக. அளக்கும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க எங்கள் ஆள்கள் கரையில் நிற்பார்கள்.